94-லேயே நிற்கும் வேகம்: லேன் கேபிளின் இரு முனைகளும் பேசி முடிப்பது எப்படி, இடையில் எங்கே கெடுகிறது

300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு, கணினியை லேன் கேபிளில் நேரடியாக மாட்டி வேகச் சோதனை செய்தால் 94 காட்டுகிறது. மறுபடி செய்தாலும் 93, 94. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன் அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். வெளியே நெரிசல் என்றால் வேகம் 40, 120, 75 என்று ஏறி இறங்கும். 94-ஐ ஒட்டியே அசையாமல் நிற்கிறது என்றால், பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே எங்கோ ஒரு கேபிள் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது.

100 ஏன் 94 ஆகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. லேன் கேபிளில் தரவு போகும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அதில் ஒரு முழு ஃபிரேம், அதாவது ஒரு தரவுப் பொதி, 1500 பைட் சுமையைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு முன்னால் 8 பைட் முன்னோட்டம், 14 பைட் முகவரித் தலைப்பு, பின்னால் 4 பைட் பிழைச் சோதனை, அடுத்த ஃபிரேமுக்கு முன் 12 பைட் அளவு இடைவெளி. ஆக மொத்தம் கம்பியில் 1538 பைட்டுக்கான நேரம் செலவாகிறது. அந்த 1500-லும் ஐபி, டிசிபி என்ற இணைய நெறிமுறைகளின் தலைப்புகள் போக உங்கள் கோப்புக்குக் கிடைப்பது 1448 அல்லது 1460 பைட். 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.94. ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் இணைப்பில் இதே கணக்கு 941 என்று வரும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி.

ரவுட்டர் பெட்டியில் ஜிகாபிட் என்று போட்டிருக்கிறது. கணினியும் ஜிகாபிட். கேபிள் மேலும் கேட் 5இ என்று, ஜிகாபிட்டுக்குப் போதுமான தரம், அச்சடித்திருக்கிறது. பிறகு எப்படி 100-க்கு இறங்கியது? யாரும் எதையும் மாற்றவில்லையே? மாற்றியது அந்த இரண்டு போர்ட்டுகளேதான். கேபிளை மாட்டிய இரண்டு மூன்று வினாடிக்குள் அவை தமக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றன. இந்தப் பேச்சுக்குப் பெயர் ஆட்டோ நெகோஷியேஷன். இது நடக்கும் விதம் தெரிந்தால், எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது தானாகப் புலப்படும்.

கேபிளை மாட்டிய கணத்தில் நடப்பது

இன்றைய லேன் கேபிளில் இருப்பதுபோல ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிக்கு ஈதர்நெட் வந்தது 1990-இல், 10பேஸ்-டி என்ற பெயரில். அப்போது வேகம் ஒன்றே ஒன்றுதான், 10 எம்பிபிஎஸ். பேசி முடிவெடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த முனையில் ஆள் இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காக, அனுப்பத் தரவு எதுவும் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு போர்ட்டும் சுமார் 16 மில்லிவினாடிக்கு ஒரு முறை ஒற்றைத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். துடிப்பு வந்தால் இணைப்பு உண்டு, லிங்க் விளக்கு எரியும். வரவில்லை என்றால் அணையும்.

1995-இல் 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் வந்தபோது சிக்கல் தொடங்கியது. ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி கேபிள், உள்ளே வேறு வேறு வேகம். அப்போது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.3யூ தரத்தோடு சேர்த்து ஆட்டோ நெகோஷியேஷனையும் கொண்டு வந்தார்கள். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய என்வே என்ற முறைதான் இதற்கு அடிப்படை. செய்த வேலை மிக எளிமையானது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் கூட: அந்த ஒற்றைத் துடிப்பு இருந்த இடத்தில் ஒரு துடிப்புக் கொத்தை வைத்தார்கள்.

ஒரு கொத்து சுமார் 2 மில்லிவினாடி நீளும். அதில் 17 துடிப்புகள் கட்டாயம் இருக்கும், ஒன்றுக்கொன்று 125 மைக்ரோவினாடி இடைவெளியில். இவை தாளம் போடுவதற்கு மட்டும். இந்தப் பதினேழுக்கும் இடையே 16 இடைவெளிகள் கிடைக்கின்றன அல்லவா, அவற்றில்தான் செய்தி. இடைவெளியின் நடுவில் இன்னொரு துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆக ஒரு கொத்தில் 16 பிட். பழைய 10 எம்பிபிஎஸ் கருவிக்கு இந்தக் கொத்து முழுவதும் ஒரே துடிப்பாகத்தான் தெரியும். ஒரு துடிப்பு வந்ததும் அடுத்த சில மில்லிவினாடிக்குள் வருவதை அது பொருட்படுத்தாது. அதனால் புதிய கருவியையும் பழைய கருவியையும் இணைத்தாலும் பழையது குழம்பாது.

அந்த 16 பிட்டில் என்ன எழுதியிருக்கும்? முதல் ஐந்து பிட், "நான் ஈதர்நெட் பேசுகிறேன்" என்பதற்கான அடையாளம். அடுத்து, என்னால் முடிந்தவை என்ற பட்டியல்: 10 ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் அனுப்பலாம்), 10 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு முனையும் ஒரே நேரத்தில் அனுப்பலாம்), 100 ஹாஃப், 100 ஃபுல், "கொஞ்சம் நிறுத்து" என்று சொல்லும் பாஸ் வசதி உண்டா இல்லையா என இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். கடைசி மூன்று பிட்டுகளில் ஒன்று பழுதைச் சொல்ல, ஒன்று "உன் செய்தி கிடைத்தது" என்று ஒப்புக்கொள்ள, ஒன்று "இன்னும் பக்கம் இருக்கிறது" என்று சொல்ல.

எதிர்முனையிலிருந்து ஒரே கொத்து தொடர்ந்து மூன்று முறை மாறாமல் வந்தால்தான் நம்புவார்கள். நம்பியதும் ஒப்புதல் பிட்டை 1 ஆக்கி அனுப்புவார்கள். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பிறகு, இரு பட்டியலிலும் பொதுவாக இருப்பவற்றில் எது உயர்ந்ததோ அது முடிவு. இந்த உயர்வு தாழ்வு வரிசையைத் தரமே முன்கூட்டி எழுதிவைத்திருக்கிறது. அதனால் கடைசியில் "சரி, இதுவே இருக்கட்டும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. இருவரிடமும் இரண்டு பட்டியலும் இருக்கின்றன, விதியும் ஒன்றே. தனித்தனியாகக் கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வரும்.

இந்த முறுக்கிய கம்பிக்கு ஜிகாபிட் 1999-இல் 1000பேஸ்-டி என்ற பெயரில் வந்தபோது 16 பிட்டில் இடம் இல்லை. அதனால்தான் அந்த "இன்னும் பக்கம் இருக்கிறது" பிட் பயன்பட்டது. அதைப் பற்றிய விவரம் எல்லாம் அடுத்தடுத்த பக்கங்களில் போகிறது. அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: யாருடைய கடிகாரத்தைப் பின்பற்றுவது? ஜிகாபிட்டில் நான்கு ஜோடிக் கம்பிகளிலும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடுகிறது, ஒரு ஜோடிக்கு 250 எம்பிபிஎஸ் வீதம். ஒரு முனை தலைமை ஏற்றுத் தாளம் போட வேண்டும், மற்றது அதைப் பின்தொடர வேண்டும். பொதுவாகப் பல போர்ட் உள்ள சுவிட்ச் தலைமை ஏற்கும். இரண்டு முனையும் ஒரே வகை என்றால் ஆளுக்கொரு தற்செயல் எண் எடுத்து, பெரிய எண் எடுத்தவர் தலைவர். இந்த ஏற்பாடு நெகோஷியேஷன் இல்லாமல் நடக்காது. ஆகவே 1000பேஸ்-டி-யில் ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். இதே கம்பிக்கு 2006-இல் வந்த 10 ஜிகாபிட், 2016-இல் வந்த 2.5, 5 ஜிகாபிட் எல்லாம் இதே வழியில் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டு போகின்றன.

இந்தப் பேச்சுவார்த்தை கேபிளைச் சோதிப்பதில்லை

இதைப் பெரும்பாலானோர் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். "ஆட்டோ என்றால் கேபிளைப் பார்த்து அதற்கேற்ற வேகத்தை எடுத்துக்கொள்ளும்" என்று நினைக்கிறார்கள். இல்லை. கேபிளில் நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள், கனெக்டரில் அவற்றுக்கு 1 முதல் 8 வரை எண்கள். துடிப்புக் கொத்துகள் போவது 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடிகளில் மட்டும். அதுவும் மிக மெதுவான துடிப்புகள். எவ்வளவு மட்டமான கம்பியிலும் அவை போய்ச் சேர்ந்துவிடும். 4-5, 7-8 ஜோடிகள் இருக்கின்றனவா, அறுந்திருக்கின்றனவா என்று இந்தக் கட்டத்தில் யாரும் கேட்பதில்லை. எவ்வளவு பெரிய லாரி விடலாம் என்று இரண்டு ஊர்க்காரர்களும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள், நடுவில் இருக்கும் பாலத்தை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த நிலைமைதான்.

இப்போது ஒரு கம்பி, நீல ஜோடியில் (4-5) ஒன்று, கனெக்டருக்குள் சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரு முனையும் ஜிகாபிட் என்று சந்தோஷமாக முடிவெடுக்கும். நான்கு ஜோடியிலும் தரவை ஓட்டிப் பார்க்கும். ஒத்துவராது, லிங்க் விழும். மறுபடி முதலிலிருந்து பேச்சு, மறுபடி ஜிகாபிட், மறுபடி தோல்வி. தரத்தின்படி மட்டும் நடக்கும் கருவி இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு விளக்கை அணைத்து அணைத்து எரியவிடும். அதனால் சிப் தயாரிப்பாளர்கள் பலரும் தாங்களாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சில முறை தோற்றால் தன் பட்டியலிலிருந்து ஜிகாபிட்டை நீக்கிவிட்டு மறுபடி பேசுவது. இதை டவுன்ஷிஃப்ட் என்பார்கள். 100-க்கு இரண்டு ஜோடி போதும், அது ஓடிவிடும். நீங்கள் 94-ஐப் பார்ப்பீர்கள். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது.

ஆகவே சோதிக்கும் வேலை நம்முடையது. அதை வரிசையாகச் செய்வோம்.

முதலில் லிங்க் வேகத்தைப் பாருங்கள்

வேகச் சோதனை வேறு, லிங்க் வேகம் வேறு. விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்ற வரி இருக்கும். 100/100 என்று இருந்தால் சந்தேகம் உறுதி. 1000/1000 என்று இருந்தும் 94 வருகிறதா? அப்படியானால் உங்கள் கேபிள் சரி. அடுத்த கண்ணி, அதாவது ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இடையே உள்ள சின்னக் கேபிளையோ போர்ட்டையோ பாருங்கள். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் போர்ட்டின், அதாவது வெளி இணையம் உள்ளே வரும் போர்ட்டின், வேகம் தெரியும்.

லினக்ஸில் எத்டூல் என்ற கட்டளையை இடைமுகத்தின் பெயரோடு கொடுத்தால் மூன்று பட்டியல்கள் வரும். சப்போர்ட்டட் என்பது உங்கள் கணினியின் நெட்வொர்க் அட்டையால் முடிந்தவை. அட்வர்டைஸ்டு என்பது நீங்கள் எதிர்முனைக்குச் சொன்னவை. லிங்க் பார்ட்னர் அட்வர்டைஸ்டு என்பது எதிர்முனை உங்களிடம் சொன்னவை. மூன்றாவதுதான் பொக்கிஷம். எழுந்து போய் அடுத்த அறையில் இருக்கும் சுவிட்சைப் பார்க்காமலே அது என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். இரு பட்டியலிலும் 1000 இருந்தும் வேகம் 100 என்றால் குற்றவாளி கேபிள்தான், வேறு யாரையும் தேட வேண்டாம். எதிர்முனைப் பட்டியலில் 1000 இல்லவே இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: அது 100 மட்டுமே தெரிந்த போர்ட், அல்லது அதுவே தோற்றுப்போய் ஜிகாபிட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சில டிரைவர்களில் கர்னல் பதிவேட்டை, அதாவது லினக்ஸின் மையப்பகுதி எழுதிவைக்கும் குறிப்புகளை, பார்த்தால் "டவுன்ஷிஃப்ட் நடந்திருக்கிறது, கேபிளைச் சரிபார்க்கவும்" என்ற பொருளில் ஒரு வரியே இருக்கும்.

போர்ட்டில் எரியும் விளக்கின் நிறத்தை நம்பாதீர்கள். பச்சை என்றால் ஜிகாபிட், ஆரஞ்சு என்றால் 100 என்று ஒரு பேச்சு உண்டு. எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான விதி அப்படி ஒன்றும் இல்லை, சிலர் நேர்மாறாகவும் வைத்திருக்கிறார்கள். கருவியோடு வந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். கணினியை அணைத்த பிறகும் விளக்கு எரிகிறதே, நிறமும் மாறிவிட்டதே என்று பயப்படவும் வேண்டாம். பிணையம் வழியாகக் கணினியை எழுப்பும் வசதி இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க அட்டை 10-க்கோ 100-க்கோ இறங்கி மறுபடி பேசிக்கொள்ளும்.

அடுத்து, போர்ட் உண்மையிலேயே ஜிகாபிட்டா?

இதில் ஏமாறுவது மிகச் சுலபம். ஃபைபர் பெட்டிகள் சிலவற்றில் பின்னால் நான்கு லேன் போர்ட் இருக்கும். முதலாவது மட்டும் ஜிகாபிட், மீதி மூன்றும் 100. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். போர்ட்டின் மேல் சிறிய எழுத்தில் ஜிஇ (ஜிகாபிட்), எஃப்இ (100) என்று வேறுபடுத்திப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான வைஃபை ரவுட்டர்களில் வைஃபை வேகம் 1200 என்று பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள், கம்பி போர்ட்டுகள் எல்லாம் 100 ஆகவே இருக்கும். விவரப் பட்டியலில் "10/100" என்று இருக்கிறதா, "10/100/1000" என்று இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

யூஎஸ்பி-யில் மாட்டும் லேன் அடாப்டரிலும் இதே கதை. இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஜிகாபிட் அடாப்டரை யூஎஸ்பி 2.0 துளையில் மாட்டினால் லிங்க் 1000 என்றே காட்டும், ஆனால் யூஎஸ்பி பக்கம் மொத்தமே 480 எம்பிபிஎஸ்தான். கண்காணிப்பு கேமராக்கள் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டோடு வருகின்றன. அவற்றின் முனையில் 100 காட்டினால் அது பழுது இல்லை, விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கேபிள்

நீளம் கம்மியான, கம்பெனியிலேயே இரு முனையிலும் கனெக்டர் போட்டு வந்த கேபிள் (பேட்ச் கார்டு) ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். சந்தேகப்படும் கேபிளைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியை ரவுட்டர் பக்கத்தில் கொண்டுபோய் இந்த பேட்ச் கார்டால் மாட்டிப் பாருங்கள். 1000 வந்தால் இரு போர்ட்டும் நல்லவை, கெட்டது சுவருக்குள் ஓடும் கேபிளோ அதன் கனெக்டரோதான். வரவில்லை என்றால் போர்ட்டில் கோளாறு, அல்லது யாரோ அமைப்பில் கை வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை, ஊகங்களில் முக்கால்வாசியைக் கழித்துவிடும்.

கேபிள்தான் என்று தெரிந்ததும் கனெக்டரைக் கையில் எடுத்து, கொக்கி கீழே இருக்கும்படி பிடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று இருக்க வேண்டும். பி வரிசை என்று சொல்வது இதைத்தான். எட்டுக் கம்பியும் கனெக்டரின் முனைச் சுவரைத் தொடும்வரை போயிருக்க வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தாலும் கனெக்டரின் உலோகப் பல் அதைக் கடிக்காமல் விட்டிருக்கலாம். வெளி உறையும் கனெக்டருக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும். உறை வெளியே நின்று, கம்பிகள் மட்டும் பிரிந்து உள்ளே போயிருந்தால், இழுபடும்போதெல்லாம் ஒவ்வொன்றாகத் தளரும்.

ஒரு குறிப்பிட்ட தவறைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக கிரிம்பிங் செய்பவர்கள், அதாவது கேபிளில் கனெக்டரை அழுத்திப் பொருத்துபவர்கள், நிறத்தை அடுக்கும்போது, ஜோடி ஜோடியாகப் போட்டால்தானே ஒழுங்கு என்று வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வைத்துவிடுவார்கள். இரு முனையிலும் அதே வரிசை. விளக்கு வைத்த சின்ன டெஸ்டரில் மாட்டினால் 1 முதல் 8 வரை வரிசையாக எரியும். "கேபிள் ஓகே" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஈதர்நெட்டுக்கு 3-ம் 6-ம் ஒரு ஜோடி. இந்தக் கேபிளில் 3-இல் வெள்ளை-பச்சை, 6-இல் நீலம். ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிகள் ஒரு சமிக்ஞையைச் சுமக்கின்றன. முறுக்கு இல்லாததால் பக்கத்து ஜோடியின் இரைச்சல் அப்படியே ஏறும். துடிப்புக் கொத்துகள் மெதுவானவை, இதிலும் போய்விடும். பேச்சுவார்த்தை வெற்றி. அப்புறம் ஜிகாபிட் ஓட்ட முயன்றதும் தள்ளாடும். கேபிள் குட்டையாக இருந்தால் ஒருவேளை ஓடும், நீளமாக இருந்தால் விழும். இதனால்தான் "மேசையில் வேலை செய்தது, சுவரில் போட்டதும் செய்யவில்லை" என்ற புகார் வருகிறது. டெஸ்டர் பச்சை காட்டினாலும் நிறத்தைக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னும் சில பழைய வேலைகள் சுவருக்குள் ஒளிந்திருக்கும். ஒரே கேபிளின் நான்கு ஜோடியை இரண்டு இரண்டாகப் பிரித்து இரண்டு கணினிக்குக் கொடுத்திருப்பார்கள், அல்லது நீல ஜோடியைத் தொலைபேசிக்கு எடுத்திருப்பார்கள். மொட்டைமாடியில் வைக்கும் கம்பியில்லா இணையக் கருவிக்கு 4-5, 7-8 வழியாக மின்சாரம் அனுப்பும் மலிவான அடாப்டர்களிலும் தரவுக்கு மிஞ்சுவது இரண்டு ஜோடிதான். இவற்றில் எல்லாம் 100-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கேபிள் வாங்கும்போது உள்ளே இருப்பது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்டது விலை குறைவாகக் கிடைக்கும். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நாலு முறை வளைத்தால் முறிந்துவிடும். அதைச் சுவருக்குள் போடுவது வீண் செலவு என்பது என் கருத்து. சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்கும், கேட்காமல் வாங்கினால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது.

ஆட்டோவை அணைக்காதீர்கள்

வேகம் வரவில்லை என்றதும் சிலர் நேராக டிவைஸ் மேனேஜருக்குப் போவார்கள். நெட்வொர்க் அடாப்டர், அட்வான்ஸ்டு, ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ். அங்கே ஆட்டோ நெகோஷியேஷன் என்று இருப்பதை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று மாற்றிவிடுவார்கள். "ஆட்டோ குழப்புகிறது, நாமே நிறுத்திவைத்துவிட்டால் நிம்மதி" என்ற எண்ணம். இந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கருவிகள் ஒழுங்காகப் பேசிக்கொள்ளாது, அதனால் எல்லாவற்றையும் கையால் நிறுத்திவைத்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

ஒரு முனையில் மட்டும் ஆட்டோவை அணைத்தால் நடப்பது இது. அணைத்த முனை துடிப்புக் கொத்து எதையும் அனுப்பாது, நேரே 100 எம்பிபிஎஸ் சமிக்ஞையை ஓட்டத் தொடங்கிவிடும். எதிர்முனை பட்டியலுக்காகக் காத்திருக்கும், பட்டியல் வராது. ஆனால் வருகிற சமிக்ஞையின் தன்மையை வைத்து "இது 100" என்று கண்டுபிடித்துவிடும். வேகம் தெரிந்தது. டூப்ளெக்ஸ்? சமிக்ஞையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்படி இருந்தால் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆக ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப். லிங்க் விளக்கு எரியும், வேகம் 100 என்று காட்டும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

ஃபுல் முனை தன் இஷ்டத்துக்கு எப்போது வேண்டுமானாலும் அனுப்பும். ஹாஃப் முனையோ, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது எதிரிலிருந்து ஏதாவது வந்தால் மோதல் என்று எண்ணி, பாதியிலேயே நிறுத்திவிட்டுப் பின்வாங்கும். அந்தப் பாதி ஃபிரேம் ஃபுல் முனைக்கு உடைந்த சரக்காகப் போய்ச் சேரும். பிங் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒழுங்காகவே வரும், ஏனென்றால் பிங் சின்னது, ஒன்று போய் ஒன்று வருகிறது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கினால்தான் குட்டு வெளிப்படும். தரவு ஒரு பக்கம், அதற்கான ஒப்புதல்கள் மறுபக்கம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் ஓட, வேகம் நொண்டியடித்து விழும். ஹாஃப் முனையில் லேட் கொலிஷன் (தாமதமாக வந்த மோதல்) என்ற எண்ணிக்கை ஏறும், ஃபுல் முனையில் சிஆர்சி பிழைகள், அதாவது பிழைச் சோதனையில் தோற்ற ஃபிரேம்கள், ஏறும். ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்று இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு விளக்கம் தேட வேண்டியதே இல்லை, டூப்ளெக்ஸ் பொருந்தவில்லை. எத்டூல் காட்டும் விவரத்தில் எதிர்முனை ஆட்டோ நெகோஷியேஷன் செய்யவில்லை என்ற வரி இருந்தால் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.

விதி ஒன்றே: இரு முனையும் ஆட்டோ, அல்லது இரு முனையும் ஒரே மாதிரி கையால் நிறுத்தியது. இரண்டாவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எந்த ஜோடியில் அனுப்புவது, எதில் பெறுவது என்று தானாக மாற்றிக்கொள்ளும் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் வசதி, பல சிப்புகளில் ஆட்டோ நெகோஷியேஷனை அணைத்தால் சேர்ந்தே அணைந்துவிடும். அப்போது நேற்று வரை வேலை செய்த சாதாரணக் கேபிள் திடீரென்று லிங்க் காட்டாது.

வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. சுவரை உடைக்க முடியாத பழைய கேபிள், ஜிகாபிட்டில் விழுந்து விழுந்து எழுகிறது, 100-இல் நிம்மதியாக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆட்டோவை அணைக்க வேண்டாம், பட்டியலைச் சுருக்குங்கள். அதாவது ஆட்டோ ஓடிக்கொண்டே இருக்கட்டும், நாம் எதிர்முனைக்குச் சொல்லும் பட்டியலில் 100 ஃபுல் மட்டும் இருக்கட்டும். எத்டூலிலும் நிர்வகிக்கும் வசதி உள்ள சுவிட்சுகள் பலவற்றிலும் இதற்கு வழி உண்டு. எதிர்முனைக்குத் தெளிவாகச் செய்தி போகிறது, டூப்ளெக்ஸ் குழப்பம் வராது. விண்டோஸ் மெனுவில் "1.0 ஜிபிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலான டிரைவர்கள் உள்ளுக்குள் செய்வது இதைத்தான்.

சரிசெய்த பிறகு

கனெக்டரை மாற்றியாயிற்று, 1000 வந்துவிட்டது. உடனே எழுந்துவிடாதீர்கள். பத்து நிமிடமாவது ஓடக்கூடிய ஒரு பெரிய கோப்பை இன்னொரு கணினிக்கு நகலெடுங்கள், அந்த நேரத்தில் கனெக்டர் பக்கத்தில் கேபிளை மெதுவாக அசைத்துப் பாருங்கள். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பிழை எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏறவில்லை என்றால் வேலை முடிந்தது. ஒன்றிரண்டாக ஏறிக்கொண்டே இருந்தால் லிங்க் ஜிகாபிட்டில் நின்றாலும் கம்பி இன்னும் சரியில்லை.

டவுன்ஷிஃப்ட் ஆன போர்ட், கேபிளைச் சரிசெய்த பிறகும் சில நேரம் 100-லேயே நிற்கும். கழற்றி, இரண்டு மூன்று வினாடி விட்டு, மாட்டுங்கள். மென்பொருள் வழியாக மறுபேச்சு கேட்டாலும் சரிதான். அப்போது போர்ட் 1.2 முதல் 1.5 வினாடி வரை வேண்டுமென்றே மௌனமாக இருக்கும். எதிர்முனை "ஆள் போய்விட்டார்" என்று உணர்ந்து தானும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக.

கண்ணாடி இழைக்கு வந்தால் இந்தக் கதை பாதிதான் பொருந்தும். ஜிகாபிட் ஃபைபரில் நெகோஷியேஷன் உண்டு, ஆனால் வேகத்தைப் பேசுவதில்லை, டூப்ளெக்ஸையும் பாஸ் வசதியையும் பேசும். அங்கே ஒரு முனையில் ஆட்டோவை அணைத்தால் அந்த முனை லிங்க் இருப்பதாகவும் மறுமுனை இல்லாததாகவும் காட்டிக்கொண்டு நிற்கும். 10 ஜிகாபிட் ஃபைபரில், எஸ்ஆர், எல்ஆர் வகைகளில், நெகோஷியேஷனே கிடையாது. அங்கே லிங்க் வரவில்லை என்றால் இரு முனையிலும் ஒரே வகை மாட்யூல் இருக்கிறதா, போர்ட்டின் வேகம் இரு பக்கமும் ஒன்றாக வைத்திருக்கிறதா என்று நாமே போய்ப் பார்க்க வேண்டும்.